பேச இயலாதவரின் சம்மதம்

தீவிர சிகிச்சைப் பிரிவொன்றில் நோயாளர் ஒருவர் உணர்விழந்து கிடக்கின்றார். அவரது இரத்தத்தை எடுத்த தாதியின் விரலில் அதே ஊசி தவறுதலாகத் தைத்துவிடுகின்றது. நோயாளரின் உடலில் எச்.ஐ.வி. என்னும் வைரசு உண்டா, இல்லையா என்பதை அங்குள்ள எவரும் அறியார். அவருடைய இரத்தமோ சிறு குழாயொன்றில் எடுக்கப்பட்டு, மேசைமீது ஆயத்தமாக இருக்கின்றது. அதனை ஆய்வுகூடத்துக்கு அனுப்பிவிட்டால் சில மணி நேரத்தில் விடை கிடைக்கும். தாதியின் அச்சம் தீரும். அன்றேல் அவர் உட்கொள்ள வேண்டிய மருந்து எதுவென்பது உறுதிப்படும். ஆயினும், அந்த இரத்தத்துக்கு உரியவர் 'ஆம்' என்றோ 'வேண்டாம்' என்றோ சொல்லும் நிலையில் இல்லை. அவருக்காக அச்சொல்லைச் சொல்ல வல்லவர் யார்? வைத்தியரா, உறவினரா, நீதிமன்றா? அல்லது அச்சொல் இல்லாமலே சோதித்துவிடலாமா?

இவ்வினா இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பல நாடுகளைத் தடுமாற வைத்தது. இங்கிலாந்து இதற்கு விடை காண ஏறத்தாழ இருபது ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. வைத்தியர்களின் ஆலோசனைக் குறிப்புகள், நீதியரசர்களின் தீர்ப்புகள், பாராளுமன்றத்தின் சட்டங்கள் ஆகிய மூன்றின் ஊடாகவும் அவ்விடை படிப்படியாக உருப்பெற்றது. முடிவில் நிலைபெற்ற கோட்பாடு எளியது. பேச இயலாதவரின் உடலைத் தொடுவதற்கு அவருடைய நலன் ஒன்றே நியாயமாக இருத்தல் வேண்டும். பிறருடைய நலன், அஃது எத்துணை நேர்மையானதாயினும், அந்நியாயத்தின் இடத்தைப் பெறமாட்டாது. கோட்பாடு எளியதாயினும் அதன் விலை எளியதன்று. அவ்விலையைச் செலுத்துபவர் பெரும்பாலும் அந்தத் தாதியேயாவார்.

நோயாளரின் சம்மதம் வேண்டுமென்னும் எண்ணம் புதியதன்று. 1767 ஆம் ஆண்டில் சிலேற்றர் என்பவர் தம்மைக் கவனித்த சத்திர வைத்தியர் பேக்கர்மீதும் மருந்தாளர் சிற்றேப்பிள்ரன்மீதும் வழக்குத் தொடர்ந்தார். அவருடைய கால் முறிந்து, எலும்பு ஒட்டிக்கொண்டு வந்த வேளையில், கட்டினை அவிழ்ப்பதற்காக அவ்விருவரையும் அவர் நாடியிருந்தார். அவர்களோ அவரைக் கேளாமலே எலும்பை மீண்டும் முறித்து, பற்களையுடைய உருக்குக் கருவியொன்றைக் காலிற் பூட்டினர். பேக்கர் இலண்டன் சென் பாத்தலோமியூ வைத்தியசாலையில் நெடுங்காலம் பணியாற்றிப் பெயர் பெற்றவர். ஆயினும் யூரிமார் சிலேற்றருக்கு 500 பவுண் நட்டஈடு வழங்கினர். நோயாளருக்கு என்ன செய்யப்படப்போகின்றது என்பதை முன்னரே அவருக்குச் சொல்லி, அவருடைய சம்மதத்தைப் பெறுதல் சத்திர வைத்தியர்களின் வழக்கமே என்பதை நீதிமன்று ஏற்றுக்கொண்டது. நோயாளர் தம் மனத்தைத் திடப்படுத்திக்கொள்வதற்கு அது வேண்டுமென்றும் கூறியது.

சிலேற்றர் பேசவல்லவர், ஆதலால் அவரைக் கேட்டிருக்கலாம். சித்தம் கலங்கியவரையும், பிறவியிலேயே அறிவு வளர்ச்சி குன்றியவரையும் கேட்பது எங்ஙனம்? இதற்கு மத்தியகால இங்கிலாந்து அளித்த விடை அரசன் என்பதாகும். 13ஆம் நூற்றாண்டின் இறுதியிலோ 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ எழுந்த அரசுரிமைப் பிரமாணம் ஒன்று அத்தகையோரை அரசனின் காவலில் வைத்தது. அப்பிரமாணம் இருவகையினரைப் பிரித்து நோக்கியது. பிறவியிலேயே அறிவு குன்றியவரின் நிலத்து வருவாயை அரசன் தானே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் இடையிலே சித்தம் கலங்கியவரின் நிலத்தையும் வருவாயின் மிகுதியையும், அவர் தெளிவுபெறும் நாளில் அவரிடமே ஒப்படைப்பதற்காகக் காத்து வைத்தல் வேண்டும். பேச இயலாதவரின் உடைமை காப்பவருக்கு உரியதா, அன்றி அவருக்கே உரியதா என்னும் கேள்விக்கு ஒரே ஏட்டில் இரு விடைகள் எழுதப்பட்டிருந்தன. ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகளுக்குப் பின் அக்கேள்வி நிலத்தை விட்டு ஒரு குழாய் இரத்தத்தைப் பற்றியதாக மீண்டும் எழுந்தது.

அரசனின் அவ்வதிகாரம் காலப்போக்கிற் சான்சலர் பிரபுவிடமும் நீதியரசர்களிடமும் ஒப்படைக்கப்பட்டது. 1959 ஆம் ஆண்டின் உளநலச் சட்டம் பழைய சட்டங்களை நீக்கிப் புதிய ஏற்பாடுகளைச் செய்தது. அச்சட்டம் 1960 ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தபோது, வயதுவந்தோர் தொடர்பாக நீதியரசர்களுக்கு வழங்கப்பட்டிருந்த அரச ஆணையும் மீளப் பெறப்பட்டது. அதன் விளைவு ஒருவரும் எதிர்பாராதது. தீர்மானிக்கும் ஆற்றல் இல்லாத வயதுவந்த ஒருவருக்காகச் சிகிச்சைக்குச் சம்மதம் வழங்கும் அதிகாரம் இங்கிலாந்தில் எவருக்கும் இல்லாமற் போயிற்று. தாய்க்கும் இல்லை, கணவனுக்கும் மனைவிக்கும் இல்லை, நீதிமன்றுக்கும் இல்லை. வைத்தியசாலைகளில் உறவினர்கள் படிவங்களில் ஒப்பமிட்டே வந்தனர். அவ்வொப்பங்களுக்குச் சட்டத்தில் யாதொரு வலுவும் இருக்கவில்லை. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக இவ்வெற்றிடத்தைப் பெரும்பாலோர் உணரவுமில்லை.

இந்நிலையிலேதான் எயிட்ஸ் நோய் தோன்றியது. 1981 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் அமெரிக்காவில் அந்நோய்பற்றிய முதற் செய்தி வெளியாயிற்று. 1983 ஆம் ஆண்டிற் பரிசு நகரின் பாஸ்டர் நிறுவகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் அதற்குக் காரணமான வைரசைப் பிரித்தெடுத்தனர். 1985 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அவ்வைரசுக்கு எதிராக உடலில் உண்டாகும் பிறபொருளெதிரிகளை இரத்தத்திற் கண்டறியும் பரிசோதனைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதே ஆண்டு ஒக்டோபரில், பிரித்தானியாவில் இரத்ததானம் செய்வோரின் இரத்தம் முழுவதும் அவ்வாறு சோதிக்கப்படலாயிற்று.

பரிசோதனை வந்துவிட்டது, சிகிச்சை வரவில்லை. அக்காலத்து நிலைமையை விளங்கிக்கொள்வதற்கு இவ்வுண்மை இன்றியமையாதது. நோய் இருக்கின்றதென்று அறிந்த ஒருவருக்கு வைத்தியம் தரக்கூடியது மிகச் சொற்பம். அவ்வறிவு அவருக்குத் தரக்கூடிய துன்பமோ மிகப் பெரிது. தொழில் பறிபோகலாம், வீடு கிடைக்காமற் போகலாம், ஆயுட் காப்புறுதி மறுக்கப்படலாம், உற்றாரும் ஊராரும் விலகிப் போகலாம். ஏனைய இரத்தப் பரிசோதனைகளைப் போன்று, கேளாமலே செய்துவிடக்கூடிய ஒன்றாக இதனைக் கருத இயலாமற் போனமைக்கு இதுவே காரணமாகும்.

ஆயினும் வைத்தியர் அனைவரும் அவ்வாறு கருதினாரல்லர். தமது கைகளில் ஊசியும் கத்தியும் ஏந்தி நாள்தோறும் பணிபுரிவோருக்கு வேறோர் அச்சம் இருந்தது. 1987 ஆம் ஆண்டிற் பிரித்தானிய வைத்தியர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில், இப்பரிசோதனை வைத்தியரின் விவேகத்துக்கு விடப்படல் வேண்டுமென்றும், நோயாளரின் சம்மதம் கட்டாயமன்றென்றும் தீர்மானம் நிறைவேறியது. சங்கம் சட்ட வல்லுநர் இருவரின் கருத்தை நாடிற்று. சம்மதமின்றி இவ்வாறு இரத்தத்தைச் சோதித்தல், பொதுவாக, சட்டத்தின் கண்ணில் ஒருவரைத் தாக்கியமைக்கு ஒப்பாகும் என்பது அவர்கள் அளித்த விடை. தீர்மானம் நிலைக்கவில்லை.

அடுத்த ஆண்டில், 1988 இல், வைத்தியர்களின் ஒழுக்கத்தை மேற்பார்வை செய்யும் பொது வைத்திய மன்று தனது ஆலோசனையை வெளியிட்டது. நோயாளரின் தெளிவான சம்மதத்துடனேயே எச்.ஐ.வி. பரிசோதனை செய்யப்படல் வேண்டும் என்பது அதன் சாரம். ஆனால் அதில் ஒரு சிறு வாயில் திறந்து வைக்கப்பட்டிருந்தது. நோயாளரல்லாத பிறரின் பாதுகாப்புக்குப் பரிசோதனை இன்றியமையாததாகி, நோயாளரின் சம்மதத்தை முன்னதாகப் பெறுவதும் இயலாததாயின், மிக அபூர்வமான அச்சந்தர்ப்பத்திற் சம்மதமின்றியும் சோதிக்கலாம் என்று மன்று கூறிற்று. உணர்விழந்த நோயாளரும் ஊசி தைத்த தாதியும் அந்த வாயிலிலேயே நின்றனர்.

அதற்கு அடுத்த ஆண்டில், 1959 ஆம் ஆண்டு விட்டுச்சென்ற வெற்றிடம் வெளிப்பட்டது. வழக்கு எச்.ஐ.வி. பற்றியதன்று. வைத்தியசாலையொன்றில் நெடுங்காலம் வாழ்ந்துவந்த 36 வயதுப் பெண் ஒருவர். அவரது அறிவு வளர்ச்சி சிறு குழந்தையின் அளவினது. அவர் கருவுற்றால் அதனைத் தாங்கவோ விளங்கிக்கொள்ளவோ மாட்டார் எனக் கருதிய வைத்தியர்கள் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்ய விரும்பினர். தாயும் அதனை விரும்பினார். ஆயின் தாயின் சம்மதம் சட்டப்படி செல்லாது. 1989 ஆம் ஆண்டிற் பிரபுக்கள் சபை இவ்வழக்கை விசாரித்தது. அப்பெண்ணுக்காகச் சம்மதம் வழங்க எவராலும் இயலாது, நீதிமன்றாலும் இயலாது என்பதைச் சபை ஏற்றுக்கொண்டது. ஆனால், சம்மதம் வழங்க ஒருவரும் இல்லை என்பதற்காக நோயாளரைக் கைவிடுதலும் நீதியாகாது எனக் கூறி, இன்றியமையாமை என்னும் பழைய கோட்பாட்டை அது கையிலெடுத்தது.

கொஃப் பிரபு அக்கோட்பாட்டை விளக்குவதற்குப் புகையிரத விபத்து ஒன்றை உதாரணமாகக் கொண்டார். இடிபாடுகளிற் சிக்குண்டு கிடப்போருக்கு உதவ ஓடிவருகின்ற ஊழியரும் பிரயாணிகளும் அயலவரும் அவர்களைத் தொடுவதற்கு முன் சம்மதம் கேட்டு நிற்பதில்லை. அவர்களைத் தூக்கியெடுப்பதையும் ஆறுதல் செய்வதையும் சட்டம் தாக்குதல் என்று சொல்வதுமில்லை. ஏனெனில் அச்செயல் இன்றியமையாதது. அதனோடு, அது தொடப்படுபவரின் நலனுக்கானது. இவ்விரு நிபந்தனைகளுள் இரண்டாவதே பின்வந்த வரலாற்றின் திறவுகோலாயிற்று. பேச இயலாதவரை அவருடைய நலனுக்காகத் தொடலாம். தொடுபவரின் நலனுக்காகத் தொடலாமென்று அத்தீர்ப்பில் எங்கும் சொல்லப்படவில்லை.

பேச இயலாதவர் யார் என்பதும் தீர்மானிக்கப்பட வேண்டியிருந்தது. உளநோய் கொண்டவரெல்லாம் தீர்மானிக்கும் ஆற்றலை இழந்தவராவாரா? 1993 ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றின் முன் வந்த வழக்கொன்று இதற்கு விடையளித்தது. குற்றம் புரிந்த உளநோயாளரை வைத்திருக்கும் புறோட்மூர் வைத்தியசாலையில் இருந்த 68 வயது முதியவர் ஒருவரின் பாதம் அழுகத் தொடங்கிற்று. காலைத் துண்டிக்காவிடின் அவர் பிழைப்பதற்கு நூற்றுக்குப் பதினைந்து வாய்ப்புக்கு மேல் இல்லையெனச் சத்திர வைத்தியர் கருதினார். முதியவர் மறுத்தார். தாம் உலகப் புகழ்பெற்ற வைத்தியரென்னும் மயக்கமும் அவருக்கு இருந்தது. ஆயினும் நீதியரசர் மூன்று கேள்விகளையே கேட்டார்: சிகிச்சைபற்றிச் சொல்லப்பட்டதை அவர் விளங்கி நினைவில் வைத்துக்கொள்கின்றாரா? அதனை நம்புகின்றாரா? அதனைச் சீர்தூக்கி ஒரு முடிவுக்கு வருகின்றாரா? மூன்றுக்கும் விடை ஆம் என்பதாயிருந்தது. அவருடைய எழுத்துமூலமான சம்மதமின்றிக் காலைத் துண்டிக்கலாகாதென நீதிமன்று தடையுத்தரவு வழங்கிற்று. ஆற்றல் இல்லையென்று சொல்வதற்கு நோயின் பெயர் போதாது; எடுக்கவேண்டிய அந்தத் தீர்மானத்தைப் பொறுத்தே அதனை அளத்தல் வேண்டும் என்பது அன்று முதல் நிலைபெற்றது.

இதற்கிடையில் வைத்தியத்தின் நிலை மாறியது. 1996 ஆம் ஆண்டளவில் மூவகை மருந்துகளைச் சேர்த்து வழங்கும் சிகிச்சை நடைமுறைக்கு வந்தது. மரணத் தீர்ப்பாக இருந்த நோய், மருந்தினாற் கட்டுப்படுத்தத்தக்க நோயாக மாறலாயிற்று. ஊசி தைத்தவருக்கும் வழி பிறந்தது. எச்.ஐ.வி. உடைய ஒருவரின் இரத்தம் பட்ட ஊசி தைத்தால் நோய் தொற்றும் வாய்ப்பு ஆயிரத்துக்கு மூன்றளவேயெனக் கணிக்கப்பட்டிருந்தது. காலந்தாழ்த்தாது மருந்தினை உட்கொள்வோருக்கு அச்சொற்ப வாய்ப்பும் ஐந்தில் நான்கு பங்களவு குறைகின்றது என்பதைச் சுகாதார ஊழியர் மத்தியில் நடாத்தப்பட்ட ஆய்வு எடுத்துக்காட்டியது. ஆனால் மருந்தினை 72 மணி நேரத்துக்குள், இயன்றால் முதல் நாளிலேயே, தொடங்குதல் வேண்டும். 28 நாட்கள் தொடர்தல் வேண்டும். அக்காலத்து மருந்துகள் குமட்டலையும் வயிற்றோட்டத்தையும் கடுஞ்சோர்வையும் தந்தன. அவற்றைத் தொடர்வதா நிறுத்துவதா என்பது நோயாளரின் இரத்தத்தில் அடங்கியிருந்தது.

இதனால் 1997 ஆம் ஆண்டிற் பொது வைத்திய மன்று தன் ஆலோசனையைத் திருத்தியமைத்தது. நோயாளர் உணர்விழந்திருந்தால் அவர் தெளிவுபெறும்வரை காத்திருந்து கேட்டல் வேண்டும். அதுவரை ஊசி தைத்தவர் மருந்தினை உட்கொள்ளலாம். 48 மணி நேரத்துக்குள்ளும் தெளிவு திரும்பாவிடின், ஆபத்தின் அளவை மீண்டும் ஆராய்தல் வேண்டும். எச்.ஐ.வி. இருக்கலாமெனக் கருதுவதற்குத் தக்க காரணம் இருந்தால், அனுபவமுள்ள மற்றொரு வைத்தியரைக் கலந்தாலோசித்து, வேறு தேவைக்காக ஏற்கெனவே எடுக்கப்பட்ட இரத்தத்தை அபூர்வமாகச் சோதிக்கலாம். ஆயின் அம்முடிவுக்கு நீதிமன்றில் விடைசொல்ல நேரிடலாம் என்றும் மன்று எச்சரித்தது. 1988 இல் திறந்திருந்த வாயில் ஒடுங்கியது, அடைபடவில்லை.

குழந்தைகளைப் பொறுத்தவரையில் நிலைமை வேறு. அவர்களுக்காகப் பெற்றோர் பேசலாம். பெற்றோரின் முடிவு குழந்தையின் நலனுக்கு மாறாயின் நீதிமன்று தலையிடலாம். 1999 ஆம் ஆண்டில் இலண்டனில் எச்.ஐ.வி. உடைய தாய் ஒருவருக்குப் பிறந்த குழந்தையைச் சோதிப்பதற்குப் பெற்றோர் இருவரும் மறுத்தனர். இந்நோய்பற்றிய வைத்தியக் கருத்தினையே அவர்கள் நம்பவில்லை. குழந்தைக்கு நோய் தொற்றியிருக்கும் வாய்ப்பு நான்கிலொன்று அல்லது ஐந்திலொன்று எனக் கூறப்பட்டது. உள்ளூராட்சி மன்று நீதிமன்றை நாடிற்று. வழக்கு பெற்றோரின் உரிமைபற்றியதன்று, தனக்கென ஓர் இடமுடைய அக்குழந்தையின் உரிமைபற்றியதே எனக் கருதிய நீதியரசர் பரிசோதனைக்கு உத்தரவிட்டார். மேன்முறையீட்டு நீதிமன்றும் அதனை மாற்றவில்லை. பரிசோதனை நடைபெறுமுன்னரே குடும்பத்தினர் நாட்டைவிட்டு வெளியேறினர். தீர்ப்பு நிறைவேறாது போயினும் அதன் நியாயம் நின்றது. வாய் பேசாக் குழந்தையின் இரத்தமும் அதன் சொந்த நலனைக் கொண்டே மதிக்கப்பட்டது.

இனி, வரலாற்றின் போக்கை மாற்றிய நிகழ்ச்சி எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. பிரிஸ்டல் நகரிற் குழந்தைகளின் இருதயச் சத்திரசிகிச்சைபற்றி நடைபெற்ற விசாரணையின்போது, இறந்த குழந்தைகளின் உறுப்புகள் வைத்தியசாலைகளிற் சேமித்து வைக்கப்பட்டிருந்தமை 1999 ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. லிவர்பூல் நகரின் ஓல்டர் ஹே சிறுவர் வைத்தியசாலைபற்றிய அறிக்கை 2001 ஆம் ஆண்டில் வெளியானது. அடக்கஞ்செய்த தம் குழந்தையின் இருதயமோ மூளையோ கண்ணாடிச் சாடியில் இருந்ததென அறிந்த பெற்றோர் கொண்ட துயரும் சினமும் நாட்டையே உலுக்கின. ஆராய்ச்சி நன்மைக்கே எடுத்தோம் என்னும் விடை எவரையும் ஆற்றவில்லை. நன்மை யாருக்கு, கேட்டது யாரை என்பனவே அன்றைய வினாக்கள்.

அச்சினத்தின் விளைவாக 2004 ஆம் ஆண்டில் மனித இழையச் சட்டம் பிறந்தது. 2006 ஆம் ஆண்டு செத்தெம்பர் முதல் நாள் தொட்டு அது இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகிய பகுதிகளில் நடைமுறைக்கு வந்தது. உடலிலிருந்து பெறப்பட்ட பொருளை வைத்திருப்பதற்கும் பயன்படுத்துவதற்கும் சம்மதம் வேண்டிய நோக்கங்களை அச்சட்டத்தின் அட்டவணை நிரற்படுத்திற்று. ஒருவரின் உடற்பொருளிலிருந்து வேறொருவருக்குப் பயன்படக்கூடிய வைத்தியத் தகவலைப் பெறுதலும் அந்நோக்கங்களுள் ஒன்று. குழந்தைகளின் உறுப்புகளை நினைந்து இயற்றப்பட்ட அச்சட்டத்துள், தாதிக்காகச் சோதிக்கப்படும் ஒரு குழாய் இரத்தமும் இவ்வாறு அடங்கிற்று. சட்டத்தை மீறுவோருக்கு மூன்று ஆண்டுவரை சிறைத்தண்டனை விதிக்க இடமுண்டு. தீர்மானிக்கும் ஆற்றல் இல்லாத வயதுவந்தவர் திறத்தில், அச்செயல் அவருடைய நலனுக்கே உகந்ததென்று நியாயமாக நம்பப்படும்போது மாத்திரம் சம்மதம் இருந்ததாகக் கொள்ளலாமெனப் பிரமாணங்கள் வகுக்கப்பட்டன. 1988 இல் திறக்கப்பட்ட வாயில் அடைக்கப்பட்டது.

2005 ஆம் ஆண்டிற் பாராளுமன்றம் நிறைவேற்றிய உள ஆற்றல் சட்டம், 2007 ஆம் ஆண்டில் இங்கிலாந்திலும் வேல்சிலும் செயற்படத் தொடங்கிற்று. சட்ட ஆணைக்குழு 1995 ஆம் ஆண்டிற் சமர்ப்பித்த அறிக்கையின் பயன் அது. ஆற்றல் இல்லையென்று நிறுவப்படும்வரை ஒவ்வொருவரும் ஆற்றல் உடையவரெனவே கொள்ளப்படுவர். தாமே தீர்மானிப்பதற்கு இயன்ற உதவியெல்லாம் அளிக்கப்படல் வேண்டும். விவேகமற்ற தீர்மானம் எடுத்தார் என்பதனால் ஒருவர் ஆற்றல் அற்றவராகிவிடார். ஆற்றல் அற்றவருக்காகச் செய்யப்படுவது எதுவாயினும் அவருடைய நலனுக்காகவே செய்யப்படல் வேண்டும். அவருடைய சுதந்திரத்தை இயன்ற அளவு குறைவாகவே கட்டுப்படுத்துதல் வேண்டும். இவையே அச்சட்டத்தின் ஐந்து தூண்கள். முன்கூட்டியே நம்பிக்கைக்குரிய ஒருவருக்கு நிலையான அற்றோணித் தத்துவம் வழங்கி, பிற்காலத்தில் தமக்காகச் சம்மதம் சொல்லும் உரிமையை அவரிடம் ஒப்படைக்கவும் வழி பிறந்தது. 1960 ஆம் ஆண்டு முதல் இருந்த வெற்றிடம் இவ்வாறு நிரம்பியது.

இச்சட்டத்தின்கீழ் உறவினருக்கு உள்ள இடம் கவனிக்கத்தக்கது. அற்றோணித் தத்துவம் பெறாத மனைவியோ மகனோ சம்மதம் வழங்க முடியாது. ஆயினும் வைத்தியர் அவர்களைக் கலந்தாலோசித்தல் வேண்டும். நோயாளர் தெளிவுடன் இருந்தபோது எவ்வாறு வாழ்ந்தார், எதனை விரும்பினார், எதனை வெறுத்தார் என்பவற்றை அறிந்தவர் அவர்களே. எச்.ஐ.வி. திறத்தில் இங்கு ஒரு நுட்பமான சிக்கலும் உண்டு. நோயாளருக்கு இந்நோய் இருக்கலாமென ஐயுறுவதை உறவினரிடம் சொல்வதே அவருடைய அந்தரங்கத்தை வெளியிடுவதாக முடியலாம். ஆதலால் வைத்தியர் கேட்கவேண்டியதைக் கேட்டு, காக்கவேண்டியதைக் காத்து நடத்தல் வேண்டும்.

இவ்விதிகளையெல்லாம் கேட்போர், பேச இயலாதவரைச் சோதித்தலே தடைசெய்யப்பட்டதென எண்ணலாகாது. உண்மை அதற்கு மாறானது. சிகிச்சை இல்லாத காலத்திற் பரிசோதனை நோயாளருக்குச் சுமையாகவே இருந்தது. சிகிச்சை வந்தபின், சோதியாமல் விடுதலே அவருக்குத் தீங்காக முடியலாம். காரணம் தெரியாத நியூமோனியாவுடனோ மூளையிற் பற்றிய தொற்றுடனோ உணர்விழந்து கொண்டுவரப்படும் ஒருவருக்கு எச்.ஐ.வி. உண்டா என அறிதல் அவர் உயிரைக் காப்பதற்கே உதவலாம். அத்தகையவரை அவருடைய நலன் கருதிச் சோதிக்கலாம். 2008 ஆம் ஆண்டிற் பிரித்தானிய வைத்தியக் கழகங்கள் வெளியிட்ட வழிகாட்டல் இதனைத் தெளிவாக்கிற்று. ஆற்றல் விரைவில் திரும்புமாயின், உடனடித் தேவை இருந்தாலன்றிக் காத்திருத்தல் வேண்டும். நிரந்தரமாக இழக்கப்பட்டதாயின் அவருடைய நலனை ஆராய்ந்து முடிவெடுத்தல் வேண்டும். 2022 ஆம் ஆண்டு முதல் இங்கிலாந்தின் நோய் மிகுந்த நகரங்களில், அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்து இரத்தம் கொடுப்போர் மறுத்தாலன்றி எச்.ஐ.வி. பரிசோதனையும் செய்யும் ஏற்பாடு தொடங்கியது. சுவரில் ஒட்டிய அறிவித்தலை வாசித்து மறுக்க இயலாதவர் திறத்தில் மாத்திரம் பழைய வினா மீண்டும் எழுகின்றது. அங்கும் விடை அவருடைய நலனிலேயே தேடப்படுகின்றது.

இந்நோய்க்கே உரிய துயரம் ஒன்றும் உண்டு. சிகிச்சை பெறாத எச்.ஐ.வி. மூளையையும் தாக்கி, நினைவையும் நிதானத்தையும் குலைக்க வல்லது. தீர்மானிக்கும் ஆற்றலைப் பறித்தது அந்நோயாகவே இருக்கலாம். சோதித்து மருந்து கொடுத்தால் அவ்வாற்றல் ஓரளவேனும் மீளலாம். தெளிவுபெறும் நாளில் உரியவரிடமே ஒப்படைப்பதற்காக நிலத்தைக் காத்து வைக்குமாறு சொன்ன பழைய அரசுரிமைப் பிரமாணத்தின் நல்ல பாதி இங்கே நினைவுகூரத்தக்கது. காக்கப்படுவது இப்பொழுது நிலமன்று, தம்மைப்பற்றித் தாமே முடிவெடுக்கும் ஆற்றல்.

அவ்வாறாயின் ஊசி தைத்த தாதியின் கதி என்ன? நோயாளரின் நலனுக்கு அப்பரிசோதனை வேண்டாததாயின், குழாயில் உள்ள இரத்தம் அவருக்காகச் சோதிக்கப்படமாட்டாது. அவர் மருந்தினை உடனே தொடங்குவார். நோயாளர் கண்விழித்தால் அவரிடம் கேட்கப்படும். கேட்கப்படுவோருட் பெரும்பாலோர் மறுப்பதில்லை. கண்விழியாமலே இறந்தால், சட்டம் வகுத்த வரிசைப்படி உறவினரின் சம்மதம் நாடப்படும். இன்றேல் 28 நாட்களும் மருந்தோடும் ஐயத்தோடும் கழியும். இது நீதியா எனத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளிற் பணிபுரிவோர் பலர் வினவினர். அவ்வினாவை அற்பமென்று தள்ளிவிட இயலாது. பிறரைக் காக்கும் பணியிற் காயமுற்றவர் அவர். தம்மைக் காத்தவருக்கு ஒரு துளி இரத்தத்தால் உதவ அந்நோயாளரே விரும்பியிருப்பார் அன்றோ என்னும் வாதமும் வலிமையுடையது. ஒருவரின் விழுமியங்களையும் அவருடைய நலனை அளக்குங்கால் நோக்கவேண்டுமெனச் சட்டமே சொல்வதால், அவ்வாதத்துக்கு இன்றும் ஓரிடம் உண்டு.

நியூயோர்க் மாநிலம் இதற்கு வேறு விடை கண்டது. அங்கு 2010 ஆம் ஆண்டிற் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, பணியின்போது ஊழியருக்கு இத்தகைய காயம் ஏற்பட்டு, நோயாளர் உணர்விழந்தோ இறந்தோ இருந்து, அவருக்காகச் சம்மதம் சொல்லத்தக்கவரும் உடன் கிடைக்காவிடின், பெயர் குறியாது இரத்தத்தைச் சோதிக்கலாம். முடிவு காயமுற்றவரின் வைத்தியருக்கு மாத்திரம் சொல்லப்படும்; நோயாளரின் ஏட்டில் அது பதியப்படாது. தாதியின் அச்சத்துக்கும் நோயாளரின் அந்தரங்கத்துக்கும் இடையே அமைக்கப்பட்ட ஒரு பாலம் அது. இங்கிலாந்து அப்பாலத்தை அமைக்கவில்லை.

அமைக்காமைக்குக் காரணம் தாதிமீது இரக்கமின்மையன்று. பிறர் நன்மை என்னும் வாயில் ஒருமுறை திறந்தால் அதனூடாக நுழைபவர் தாதி ஒருவரே அல்லர் என்பதை அந்நாடு கண்டிருந்தது. நிலத்து வருவாயை எடுத்துக்கொண்ட அரசனும், முறித்த காலில் தன் கருவியைப் பூட்டிய சத்திர வைத்தியரும், குழந்தையின் இருதயத்தைச் சாடியில் இட்ட ஆய்வாளரும் அவ்வாயிலினூடாகவே வந்திருந்தனர்.

தீவிர சிகிச்சைப் பிரிவின் மேசைமீது அந்தச் சிறு குழாய் இன்னும் இருக்கின்றது. அதன்மேல் ஒட்டப்பட்ட துண்டில் ஒரு பெயர் எழுதப்பட்டுள்ளது. அதற்கு உரியவர் பேசாதிருக்கின்றார் என்பதற்காக, அதனுள் இருக்கும் இரத்தம் உரியவரற்ற பொருளாகிவிடவில்லை. காயமுற்ற தாதிக்கு மருந்தையும் ஆறுதலையும் ஓய்வையும் குறைவின்றி வழங்குவது அந்த வைத்தியசாலையின் கடன். அக்கடனை நோயாளரின் மௌனத்திலிருந்து அறவிடலாகாது என்பதே அந்நாட்டுச் சட்டம் நீண்ட தயக்கத்தின் பின் கண்ட முடிவாகும்.